போரைப் பல்கலைக்கழகப் பாடமாக்கிய மைக்கேல் ஹோவர்ட்: வாசித்தவர்கள் பேசலாம்

வாசலோரம்

வணக்கம் நண்பர்களே. நான்கு மாதமாக மைக்கேல் ஹோவர்டை வாசித்துக்கொண்டிருக்கிறேன். போரைப் பற்றி எழுதிய பலரை வாசித்ததுண்டு, ஆனால் இவரளவுக்கு என்னை நிறுத்தி யோசிக்க வைத்தவர்கள் குறைவு. பேச ஆள் வேண்டும் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1922 நவம்பர் 29 அன்று லண்டனில் பிறந்தவர். அப்பா வழியில் மருந்து, வேதிப்பொருள் தயாரிக்கும் குடும்பம். முன்னோர் குவேக்கர்கள், அதாவது ஆயுதமே எடுக்கக் கூடாது என்று வாழ்ந்த கிறித்தவப் பிரிவினர். அம்மா ஜெர்மன் யூத வம்சாவளி. அந்த வீட்டுப் பிள்ளை ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படிக்கப் போய், 1942 டிசம்பரில் கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் காலாட்படையில் அதிகாரியானார். 1943 செப்டம்பரில் இத்தாலியின் சலேர்னோ கரையில், தன் பிளாட்டூனை ஒரு குன்றின் மீது நடத்திச் சென்றதற்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம். அப்போது அவருக்கு வயது 20. போர் முடிவதற்குள் இரண்டு முறை காயம் பட்டது.

திரும்பி வந்து பட்டம் முடித்து, 1947இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் வரலாற்று உதவி விரிவுரையாளர். அங்கே போர் ஆய்வுகள் துறையை எழுப்பியவர் அவர்தான். 1968இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார், 1977இல் சிச்சலி என்ற பெயரில் உள்ள போர் வரலாற்றுப் பேராசிரியர் பதவி, 1980இல் ஹ்யூ ட்ரெவர்-ரோப்பருக்குப் பிறகு ரீஜியஸ் பேராசிரியர், அதாவது அரச நியமனம் பெறும் வரலாற்றுப் பேராசிரியர். 1989 முதல் 1993 வரை அமெரிக்காவில் யேல். 2019 நவம்பர் 30, தன் 97வது பிறந்தநாளுக்கு மறுநாள், காலமானார்.

எனக்குள் ஓடும் கேள்வி இது: இருபது வயதில் போரைத் தின்று வந்த ஒருவர், மிச்ச எழுபது வருடத்தையும் ஏன் அதையே படிப்பதில் செலவிட்டார்?

கல்தச்சன்

நல்ல இழை. ஆனால் எனக்கு அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. போருக்குப் பல்கலைக்கழகத் துறை எதற்கு? படைத்தளபதிகளுக்குத் தனிக் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர்கள் கவிதையும் தத்துவமும் படிக்கும் இடத்தில் போரைக் கொண்டுவந்து வைத்தால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடாதா? தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உண்மையாகவே கேட்கிறேன்.

வாசலோரம்

தப்பே இல்லை, கல்தச்சன். ஹோவர்டிடம் அவர் காலத்து ஆசிரியர்களும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டார்கள்.

கிங்ஸ் கல்லூரியில் ராணுவப் பாடம் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே 'ராணுவ அறிவியல்' என்று ஒன்று நடந்தது, பிறகு தேய்ந்துபோனது. 1953இல் லண்டன் பல்கலைக்கழகம் அதற்கு மறுபடி உயிர் கொடுக்க நினைத்து, முப்பது வயது ஹோவர்டை விரிவுரையாளராக வைத்தது. என்ன சொல்லிக்கொடுப்பது என்பதை அவரே தேட வேண்டியிருந்தது. அப்போது அவர் கையில் கிடைத்தவர் ஹான்ஸ் டெல்புரூக் என்ற ஜெர்மன் வரலாற்றாசிரியர். ஒரு நாடு எப்படிப் போரிடுகிறது என்பதை அந்த நாட்டின் ஆட்சி, பொருளாதாரம், சமூக அடுக்கு எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்த்தவர். அதுவரை இங்கிலாந்தில் ராணுவ வரலாறு என்றால் பெரும்பாலும் படைப்பிரிவின் பெருமை, தளபதியின் சாமர்த்தியம், அம்புக்குறி போட்ட வரைபடம். ஹோவர்டே தன் படைப்பிரிவின் வரலாற்றை ஜான் ஸ்பாரோவோடு சேர்ந்து எழுதி 1951இல் வெளியிட்டவர். அந்த வகை எழுத்தில் எதெல்லாம் விடுபட்டுப்போகும் என்று உள்ளேயிருந்து தெரிந்தவர்.

அதனால் அவர் கொண்டுவந்தது தளபதிகளுக்கான பாடம் அல்ல. போரை ஒரு சமூகத்தின் செயலாக வைத்துப் படிப்பது. வரி யார் கட்டினார்கள், ரயில்பாதை யார் போட்டார்கள், படையில் சேர்ந்தவர் யார், சேராமல் காசு கொடுத்துத் தப்பியவர் யார், சட்டம் என்ன சொன்னது, பாதிரியார் என்ன சொன்னார். 1962இல் அது முழுத் துறையானது, அடுத்த வருடம் அவர் பேராசிரியர். இடையில் 1958இல் அலஸ்டர் புக்கன் முதலியோரோடு சேர்ந்து லண்டனில் உத்திசார் ஆய்வு நிறுவனத்தையும் தொடங்கிவிட்டார். அணுகுண்டு காலத்தில் பாதுகாப்பைப் பற்றிப் பேச ராணுவத்துக்கு வெளியேயும் விவரம் தெரிந்தவர்கள் வேண்டும் என்பது அவர் எண்ணம்.

என் பதில்: போரைத் தளபதிகளிடம் மட்டும் விட்டுவிட்டால்தான் ஆபத்து. சாதாரணக் குடிமக்கள் அதைப் புரிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும்.

மழைக்காகிதம்

1961இல் அவர் ராயல் யுனைடெட் சர்வீசஸ் இன்ஸ்டிடியூட்டில் ஆற்றிய உரை ஒன்று உண்டு, ராணுவ வரலாற்றின் பயனும் துஷ்பிரயோகமும் பற்றி. கேட்டவர்களில் பலர் அதிகாரிகள். அவர்களிடம் போய், நீங்கள் படித்து வளர்ந்த படைப்பிரிவுக் கதைகள் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை போன்றவை என்றார். அவற்றுக்கும் ஒரு பயன் உண்டு, பயந்துபோன இளைஞனுக்கு அவை தெம்பு கொடுக்கும் என்றும் ஒப்புக்கொண்டார். ஆனால் அதையே உண்மை என்று நம்பிப் போர்முனைக்குப் போகிறவன் அங்கே காண்பது வேறொன்றாக இருக்கும் என்றார்.

போரைப் படிக்க அவர் சொன்ன மூன்று வழி: அகலம், ஆழம், சூழல். பல நூற்றாண்டுப் போர்களை நீளமாகப் பார், எது மாறுகிறது எது மாறவில்லை என்று தெரியும். அப்புறம் ஒரே ஒரு போரை எடுத்துக்கொண்டு கடிதம், நாட்குறிப்பு, அறிக்கை என்று தோண்டு, ஒழுங்காகத் தெரிந்த வரைபடம் கலைந்து குழப்பம் தெரியும். கடைசியாக அந்தப் போரை நடத்திய சமூகத்தைப் பார்.

இந்த மூன்றையும் அதே 1961இல் வந்த பிராங்கோ-பிரஷ்யப் போர் நூலில், அதாவது பிரான்சும் பிரஷ்யா தலைமையிலான ஜெர்மன் அரசுகளும் மோதிய போரைப் பற்றிய நூலில், அவரே செய்து காட்டிவிட்டார். அதற்கு டஃப் கூப்பர் பரிசும் கிடைத்தது. நான் இரண்டு முறை வாசித்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1870 ஜூலை 19 அன்று பிரான்ஸ் போர் அறிவிக்கிறது. பிரெஞ்சுக்காரர்களின் ஷாஸ்போ துப்பாக்கி பிரஷ்யர்களுடையதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தூரம் சுடக்கூடியது. வீரர்களும் அனுபவசாலிகள். ஆனால் படை திரட்டுவது என்று வந்தபோது எல்லாம் சிக்கலாகிவிட்டது. வடக்கு பிரான்சில் குடியிருக்கும் ரிசர்வ் வீரன், தன் படைப்பிரிவின் கிடங்கு அல்ஜீரியாவில் இருப்பதால், கடல் தாண்டிப் போய்ச் சீருடை வாங்கிக்கொண்டு மறுபடி கடல் தாண்டி ஜெர்மன் எல்லைக்கு வர வேண்டும்! ஒரு ஜெனரல் பெல்ஃபோர்ட் நகரத்தில் இறங்கித் தந்தி அடிக்கிறார்: என் பிரிகேடைக் காணவில்லை, மேல் தளபதியையும் காணவில்லை, நான் என்ன செய்யட்டும்? அதிகாரிகள் கையில் ஜெர்மனியின் வரைபடம் இருந்தது, சண்டை நடந்ததோ பிரான்சில். மித்ரையூஸ் என்ற புதிய வேகத் துப்பாக்கியை ரகசியம் ரகசியம் என்று பொத்தி வைத்ததில், அதை இயக்கத் தெரிந்தவர்கள் போதவில்லை.

எதிர்ப்பக்கம் பிரஷ்யத் தளபதி மோல்ட்கேயின் தலைமைப் பணிக்குழு எந்த ரயில் எந்த மணிக்கு எந்த ஸ்டேஷனில் நிற்க வேண்டும் என்று வருடக்கணக்கில் கணக்குப் போட்டு வைத்திருந்தது. க்ரூப் எஃகு பீரங்கிகள் வேறு. ஆனாலும் ஹோவர்ட் பிரஷ்யர்களை மேதைகளாக்கவில்லை. ஆகஸ்ட் 18 அன்று செயின்ட் பிரிவாவில் திறந்த சரிவில் ஏறிய பிரஷ்ய கார்ட்ஸ் படை சுமார் 8,000 பேரை இழந்ததை அவர் எழுதும்போது, அந்தச் சரிவு எப்படிப்பட்டது என்று உணர்ந்தவர் எழுதுவது தெரியும்.

செப்டம்பர் 2, செடானில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே சரணடைந்த பிறகும் போர் நிற்கவில்லை. அங்கேதான் நூலின் இரண்டாம் பாதி. பிரெஞ்சு அமைச்சர் காம்பெத்தா பலூனில் பாரிசை விட்டுப் பறந்துபோய் மாகாணங்களில் புதுப்படை திரட்டுகிறார். ஊர்க்காரர்கள் துப்பாக்கி எடுக்கிறார்கள், ஜெர்மானியர்கள் ஊர்களைக் கொளுத்துகிறார்கள். மன்னர்களின் போர் மக்களின் போராக மாறும்போது அதை முடிப்பது எவ்வளவு கடினம் என்பதைத்தான் அந்தப் பகுதி சொல்கிறது. பிரான்சிடமிருந்து அல்சாஸ்-லொரேன் எல்லைப் பகுதியைப் பறித்த சமாதானம் அடுத்த போருக்கான விதையையும் போட்டுவிட்டது.

முல்லைக்கொடி

மழைக்காகிதம், இந்தப் பதிவுக்காகவே நூலைத் தேடப்போகிறேன். நன்றி.

நான் மொழிபெயர்ப்புப் பக்கம் இருந்து வருகிறவள். எனக்கு ஹோவர்ட் என்றால், போரைப் பற்றி எழுதிய 19ஆம் நூற்றாண்டுப் பிரஷ்ய அதிகாரி கிளாஸ்விட்ஸ்தான். பீட்டர் பாரெட்டோடு சேர்ந்து ஹோவர்ட், கிளாஸ்விட்ஸின் 'போர் குறித்து' நூலை ஆங்கிலமாக்கி, 1976இல் பிரின்ஸ்டன் வெளியிட்டது. இன்றைக்கும் ஆங்கிலத்தில் பெரும்பாலோர் படிப்பது அதைத்தான். பழைய மொழிபெயர்ப்புகளில் தடுமாறிய வாசகர்களுக்கு அது கதவைத் திறந்துவிட்டது.

ஆனால் பிறகு வந்த அறிஞர்கள் சிலர் அது அளவுக்கு மீறித் தெளிவாக இருக்கிறது என்று குறை சொன்னார்கள். ஜெர்மன் மொழியில் 'போலிட்டிக்' என்ற ஒரே சொல் அரசின் கொள்கையையும் குறிக்கும், கட்சிகளும் ஆட்களும் மோதும் அரசியலையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பதால் ஒவ்வொரு முறையும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஹோவர்டும் பாரெட்டும் பெரும்பாலும் 'கொள்கை' பக்கம் சாய்ந்தார்கள். அதனால் போர் என்பது, அமைதியான ஓர் அறையில் அரசு ஆலோசித்து எடுக்கும் கருவிபோலத் தோன்றிவிடுகிறது.

தமிழில் 'அரசியல்' என்று போட்டால் ஜெர்மன் சொல்லுக்கு நெருக்கமாக வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் காதில் அந்தச் சொல் அரண்மனை ஆலோசனையையும் குறிக்கும், தெருச் சண்டையையும் குறிக்கும். கிளாஸ்விட்ஸின் புகழ்பெற்ற வாக்கியத்தை 'போர் என்பது வேறு வழிகளில் தொடரும் அரசியல்' என்று சொல்லிப் பாருங்கள். நூலின் கடைசிப் பகுதியில் கிளாஸ்விட்ஸ், வேறு வழிகளும் 'கலந்து' என்று எழுதுகிறார். அதாவது துப்பாக்கி வெடித்ததும் அரசியல் நின்றுவிடுவதில்லை, அது கூடவே நடக்கிறது. இது பெரிய வித்தியாசம்.

கல்தச்சன்

எல்லோருடைய பதிவையும் படித்தேன். என் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்தது, மறுபாதி பாக்கி இருக்கிறது.

1980 ஜனவரியில் ஹோவர்ட் லண்டன் 'தி டைம்ஸ்' நாளிதழுக்கு எழுதிய கடிதத்தை யாரும் சொல்லவில்லையே? அதற்கு முந்தைய மாதம்தான் அமெரிக்க க்ரூஸ் ஏவுகணைகளை ஐரோப்பாவில் நிறுத்த நேட்டோ முடிவெடுத்தது. சிவில் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஏவுகணைகளை மட்டும் வைத்தால் எதிரி அதை நம்ப மாட்டான், ஆகவே மக்களைக் காக்கும் ஏற்பாடு வேண்டும் என்பது அவர் வாதம். அதைப் படித்துக் கொதித்துப்போய் வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்ப்சன் எழுதிய துண்டுநூல்தான் 'எதிர்த்திடு, உயிர்வாழ்'. அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தையே அது தட்டி எழுப்பியது. தாம்ப்சனும் இத்தாலியில் டாங்கிப் படையில் போரிட்டவர், மறந்துவிட வேண்டாம்.

என் வருத்தம் இதுதான். போரைச் சமூகத்தோடு சேர்த்துப் பார் என்றவர், அணுகுண்டு என்று வந்ததும் உத்தி நிபுணர்களின் மொழியில் பேசுகிறார். பத்துப் பன்னிரண்டு நகரங்கள் சாம்பலான பிறகு எந்தச் சிவில் பாதுகாப்பு?

வாசலோரம்

இதற்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன். அந்தக் கடிதத்தில் நான் தாம்ப்சன் பக்கம்தான்.

ஆனால் ஹோவர்ட் ஏன் அங்கே போய் நின்றார் என்பதும் புரிகிறது. 1930களில் பள்ளி மாணவராக இருந்தவர். போரே வேண்டாம் என்று நல்ல மனிதர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது ஹிட்லர் வளர்ந்ததைப் பார்த்த தலைமுறை. அம்மாவின் வம்சாவளியையும் நினைத்துப் பாருங்கள். அவருடைய 'போரும் தாராளவாத மனச்சாட்சியும்' நூலே (1978) இதைப் பற்றியதுதான். எராஸ்மஸ் தொடங்கி வியட்நாம் வரை, போரை வெறுத்த நல்லெண்ணக்காரர்கள், அந்த வெறுப்பின் காரணமாகவே எப்படி மறுபடி மறுபடி போருக்குள் போனார்கள் என்று காட்டுகிறார். அமைதி தானாக அமையும் இயல்புநிலை என்று அவர் நம்பவில்லை. அதைக் கட்டி எழுப்பிக் காவல் காக்க வேண்டும் என்று நம்பினார். அந்த நம்பிக்கை அவரை அரசுக்குக் கொஞ்சம் அதிகமாகவே பக்கத்தில் கொண்டுபோனது என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

தூரத்து ஒளி

அரசுக்குப் பக்கத்தில் இருந்தவர் என்பது சரி. ஆனால் அரசு அவரை எப்படி நடத்தியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியை பிரிட்டன் ஏமாற்றிய கதையை, ரகசிய ஆவணங்களைத் திறந்து அதிகாரபூர்வமாக எழுதும் பொறுப்பு அவருக்குக் கொடுக்கப்பட்டது. கெய்ரோவில் டட்லி கிளார்க் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இல்லாத படைகளை இருப்பதாகக் காட்டியது, பிடிபட்ட ஜெர்மன் ஒற்றர்களைத் தம் பக்கம் திருப்பியது, 'கார்போ' என்ற இரட்டை உளவாளி இல்லாத துணை உளவாளிகளின் பெயரில் அறிக்கை அனுப்பியது, நார்மண்டியில் இறங்கிய பிறகும் உண்மையான தாக்குதல் கலேயில்தான் என்று ஹிட்லரின் தளபதிகளை நம்பவைத்தது, எல்லாம் அதில் இருக்கிறது. 1980 வாக்கில் எழுதி முடித்தார். தாட்சர் அரசு வெளியிட விடவில்லை. 1990இல்தான் வந்தது. நாட்டின் ரீஜியஸ் பேராசிரியர், 1986இல் சர் பட்டம் பெற்றவர், தன் நூல் அலமாரியில் பூட்டிக் கிடக்கப் பத்து வருடம் காத்திருந்தார்.

அவர் எழுதிய இன்னொரு அதிகாரபூர்வ வரலாறு 'பேருத்தி' வரிசையின் நான்காம் தொகுதி. 1972இல் வுல்ஃப்சன் பரிசு பெற்றது. அது எந்தக் காலத்தைப் பேசுகிறது தெரியுமா? 1942 ஆகஸ்ட் முதல் 1943 செப்டம்பர் வரை. காசாபிளாங்காவில் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் உட்கார்ந்து மத்தியதரைக் கடல் பக்கம் போவோம் என்று முடிவெடுத்தது அதற்குள் வருகிறது; அந்த முடிவின் விளைவாக ஹோவர்ட் என்ற இளைஞர் சலேர்னோவில் நின்ற மாதத்தில் அது முடிகிறது. தன்னை அந்தக் குன்றுக்கு அனுப்பிய கோப்புகளைப் பிறகு தானே திறந்து படித்திருக்கிறார். இதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

புக்கிட்_மலர்

மலேசியாவிலிருந்து வணக்கம். ஹோவர்டின் 2001 அக்டோபர் உரையைப் பற்றி நான் சொல்ல வேண்டும்.

இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. எல்லோரும் 'பயங்கரவாதத்தின் மீது போர்' என்று பேசிக்கொண்டிருந்தபோது, 78 வயது ஹோவர்ட் எழுந்து, அதைப் போர் என்று அழைத்ததே பெருந்தவறு என்றார். போர் என்று சொன்னதுமே கொலைகாரர்களுக்குப் போர்வீரர் என்ற தகுதியைக் கொடுத்துவிடுகிறோம். மக்களுக்கும் உடனடி வெற்றி வேண்டும், குண்டு விழ வேண்டும் என்ற வெறி வந்துவிடும். இது காவல்துறையும் உளவுத்துறையும் பொறுமையாக, வருடக்கணக்கில், சட்டத்துக்குள் நின்று செய்ய வேண்டிய வேலை என்றார். குண்டு வீசி ஒழிக்க நினைப்பது, புற்றுநோய் அணுக்களைத் தீப்பிழம்பால் சுட்டு அழிக்கப் பார்ப்பது போல என்றார். பின்னால் வந்த இருபது வருடத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொற்களின் கனம் புரியும்.

ஆனால் ஓரிடத்தில் எனக்கு நெருடல். பிரிட்டன் இப்படிப்பட்டவற்றைப் போர் என்று சொல்லாமல் 'எமர்ஜென்சி' என்று சொல்லிக் கையாண்டது என்றும், அதற்கு மலாயாவை ஓர் உதாரணமாகவும் காட்டினார். எங்களுக்கு அது 1948 முதல் 1960 வரை நீண்ட அவசரகாலம். என் பாட்டி தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். முள்வேலி, ஊரடங்கு, அரிசி அளந்து கொடுத்தது எல்லாம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். லட்சக்கணக்கானவர்களை, பெரும்பாலும் சீனர்களை, புதுக்கிராமங்களுக்குப் பெயர்த்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள், துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில். போர் என்ற பெயர் வைக்காததால் போர் மென்மையாகிவிடவில்லை. ஹோவர்டின் வாதத்தில் எனக்கு முழு மரியாதை உண்டு, ஆனால் இந்த உதாரணத்தை அவர் இந்தப் பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கலாம்.

மழைக்காகிதம்

புக்கிட் மலர், இது இந்த இழையிலேயே முக்கியமான பதிவு. 'சூழலோடு படி' என்ற அவருடைய விதியை அவருக்கே பொருத்திக் காட்டிவிட்டீர்கள்.

கல்தச்சன்

ஆமாம். இன்னொன்றும் கேட்க வேண்டும். அவருடைய மாணவர்கள்? லாரன்ஸ் ஃப்ரீட்மன் அவரிடம் ஆய்வு செய்தவர்தானே?

தூரத்து ஒளி

ஆமாம், ஆக்ஸ்ஃபோர்டில். 1982இல் கிங்ஸ் துறைக்கு வந்து அதைப் பெரிதாக வளர்த்தவர். 1999இல் டோனி பிளேயர் சிகாகோவில் பேசிய தலையீட்டுக் கொள்கை உரைக்குக் குறிப்பு கொடுத்தவரும் அவரே, 2009இல் அமைந்த இராக் விசாரணைக் குழுவில் உறுப்பினராக உட்கார்ந்தவரும் அவரே. ஆசிரியரிடம் இருந்த அதே இழுபறி மாணவரிடமும் இருக்கிறது: அதிகாரத்துக்கு ஆலோசனையும் சொல்ல வேண்டும், அதை விசாரிக்கவும் வேண்டும்.

முல்லைக்கொடி

வாசலோரம், நீங்கள் முதலில் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறதே. ஏன் எழுபது வருடம் அதையே படித்தார்?

வாசலோரம்

எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். 2006இல் வந்த அவருடைய நினைவுக்குறிப்பு 'கேப்டன் புரொஃபசர்'. அதில் அவர் பதக்கம் வாங்கிய குன்றைவிட என்னை உலுக்கியது ஓர் இரவு ரோந்து. கூட வந்த வீரர் கண்ணிவெடியை மிதித்துவிடுகிறார். இருட்டு, சுற்றிலும் வெடி புதைத்த நிலம். ஹோவர்ட் அவரை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்புகிறார். அந்த வீரர் இறந்துபோகிறார். வேறு யாரும் குற்றம் சொல்லாத, அவராகச் சொல்லாவிட்டால் யாருக்குமே தெரிந்திருக்காத இந்தச் சம்பவத்தை, எந்தச் சாக்கும் சொல்லாமல் எண்பது வயதுக்கு மேல் எழுதி வைத்திருக்கிறார்.

அதே நூலில் தன் வாழ்க்கைத் துணையான மார்க் ஜேம்ஸைப் பற்றியும் வெளிப்படையாக எழுதுகிறார். இங்கிலாந்தில் ஆண்களிடையிலான உறவு 1967 வரை குற்றம். அந்தக் காலம் முழுவதும் கார்ட்ஸ் படை அதிகாரியாகவும் பேராசிரியராகவும் மௌனமாக வாழ்ந்தவர், 2006இல் அவரோடு சட்டப்படி இணைந்தார்.

அந்த இரவுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், அது எனக்கு உரிமையில்லாத பேச்சு. ஆனால் செயின்ட் பிரிவா சரிவில் ஏறியவர்களை அவர் எண்ணிக்கையாக மட்டும் எழுதவில்லை என்று மழைக்காகிதம் சொன்னாரே, அதைப் படித்தபோது எனக்கு அந்தக் கண்ணிவெடி நிலம்தான் ஞாபகம் வந்தது.

புக்கிட்_மலர்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எதை முதலில் எடுக்கலாம்? என் தங்கை கல்லூரியில் வரலாறு படிக்கிறாள்.

வாசலோரம்

'ஐரோப்பிய வரலாற்றில் போர்' கொடுங்கள் அம்மா. 1976இல் வந்தது, சின்ன நூல்தான். ஆயிரம் ஆண்டுக் கதையை மாவீரர்களின் போர், கூலிப்படைகளின் போர், வணிகர்களின் போர் என்று யார் போரிட்டார்கள் என்பதை வைத்தே பிரித்துச் சொல்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். பிடித்திருந்தால் அப்புறம் 1870க்குப் போகட்டும்.

முல்லைக்கொடி

நான் நேராக 1870க்கே போய்விட்டேன். பல்கலைக்கழக நூலகத்தில் பழைய பிரதி கிடைத்தது, முதுகு பிரிந்து நூல் கட்டிய பிரதி. மழைக்காகிதம், மெட்ஸ் சுற்றுப்புற வரைபடம் என் பிரதியில் கிழிந்திருக்கிறது. உங்களுடையதில் இருந்தால் படம் எடுத்துப் போட முடியுமா?

மழைக்காகிதம்

இருக்கிறது. இன்று இரவு போடுகிறேன்.